524287 என்ற எண் செய்த குற்றம் என்ன?

மக்கா, பால் கணக்கு எழுதினாலும் தாளின் தலையில் ‘சிவமயம்’ என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன் என்று உனக்குத் தெரியும். இன்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வாய் குமட்டும்போது சாமி பேரைச் சொல்லக் கூடாது. மனம் குமட்டும்போது எழுதவும் கூடாது. உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் நீ சொன்னதை எனக்கு மட்டும் சொல்லவில்லையே. நம் குடும்ப வாட்சப் குழுவில், சித்தப்பா பெரியப்பா மக்கள் எல்லோரும் இருக்கும் இடத்தில், ஓர் எண்கணிதக்காரரின் அறிக்கையைப் படமாகப் போட்டாய். கீழே நீயே ஒரு வரி எழுதினாய்: ‘நானும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன், சிவகாமியின் எண் பகா எண்தான், கல்யாணத்தைத் தள்ளி வைப்பது நல்லது.’ நிச்சயதாம்பூலம் முடிந்த மறுநாள், இரணியலில் இருக்கும் சிவகாமியின் அப்பாவை அந்தக் குழுவில் சேர்த்தது நீதான். அது உனக்கு மறந்துபோய்விட்டது. சற்று நேரத்தில், அவர் குழுவிலிருந்து வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. நான் அப்போது தீயலுக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். வறுத்தது கருகி, வீடெல்லாம் நாறி, அன்று உன் அப்பா மோர் ஊற்றித்தான் சாப்பிட்டார். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் படம்பிடித்து அதே குழுவில் போடப்போகிறேன். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியப் பதில்.

படிக்கிற சொந்தக்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உன் கோமதி அத்தை நாகர்கோவிலில் கண்டுபிடித்த அந்த மனிதர் பெண்ணின் பெயரை இங்கிலீஷில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் தன் அட்டவணையில் உள்ள மதிப்பைப் போட்டுக் கூட்டியிருக்கிறார். சிவகாமிக்கு 52. அவளைப் பெற்றவளுக்கு 42. தகப்பனுக்கு 87. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 524287. அதற்கு ‘வம்ச எண்’ என்று பேர். உனக்கு 55, எனக்கு 44, உன் அப்பாவுக்கு 40. ஆக உன் வம்ச எண் 554400. என்னைக் கேட்காமலே என் பெயரை நடுவில் செருகியிருக்கிறார். உன் எண்ணை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது, ஆகவே நீ ஆல்போல் தழைப்பாயாம். அவள் எண்ணை ஒன்றும் அதே எண்ணும் தவிர வேறெதுவும் வகுக்காது, ஆகவே அவள் தழைக்கமாட்டாளாம். இவ்வளவுதான் விஷயம். இதை வழவழப்பாக லேமினேஷன் செய்து, மேலே பிள்ளையார் படம் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நேரில் கேட்டுவிடுவோம் என்று நானும் கோமதியும் போனோம். குளிரூட்டிய அறை. ஊதுவத்தியும் சென்ட்டும் சேர்ந்த ஒரு வாடை. அந்த மனிதர் மேசைமேல் ஒரு தட்டில் வறுத்த அண்டிப்பருப்பு, முழு முந்திரியாகப் பொறுக்கி, வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். “பகா எண்ணுன்னா என்னம்மா?” என்று என்னையே கேட்டார். “தன்னையும் ஒண்ணையும் தவிர வேற யாரையும் உள்ள விடாத எண்ணு. மாமியார உள்ள விடுமா? நாத்தனார உள்ள விடுமா? அத விடுங்கோ. வயித்துக்குள்ள ஒரு பிள்ளைய விடுமா?” சொல்லிவிட்டு ஒரு பருப்பைக் கடித்தார். எனக்கு அந்தக் கடிபடும் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை பருப்பு தின்றுகொண்டே பேசுகிறார். உன் அத்தை மடியில் கைகட்டித் தலையாட்டுகிறாள்.

“அந்த எண் உடையாதுன்னு நீங்க வகுத்துப் பாத்தேளா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கும்மா வகுக்கணும்? சாப்ட்வேர் சொல்லும்.”

“பரிகாரம் உண்டும்னு சொன்னீங்கள்லா?” என்று கோமதி இடையில் புகுந்தாள்.

“உண்டு. பொண்ணுக்க பேருல கடைசில ஒரு எழுத்தக் கூட்டினா அம்பத்திரெண்டு அம்பத்தேழாவும். அப்ப மொத்த எண்ணும் மூணால வகுபடும். கதவு தொறந்துட்டுன்னு அர்த்தம். கெசட்டுல மாத்தி, ஒரு ஹோமமும் செஞ்சா போரும்.”

வெளியே வந்து பஸ் ஏறினோம். கோமதிதான் பேசினாள். “மைனி, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்கோ. ஒரு எழுத்துதானே? அந்தப் பிள்ளைட்ட சொன்னா மாத்திக்கிடும்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எச்சில் துப்ப வேண்டும் போலிருந்தது. நடத்துநர் திட்டுவாரே என்று விழுங்கினேன்.

மக்கா, உனக்கு இதுவரை நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பிறக்கும் முன்னால் இந்த வீட்டில் எனக்குப் பல வருஷம் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்றால் என்னை அடுப்படிக்கு அனுப்புவார்கள். சோறு வடிக்கத் தோஷமில்லை, வளையல் போடத்தான் தோஷம். ஒரு வைத்தியர் லேகியம் கிண்டிக் கொடுத்தார். சிக்குப்பிடித்த எண்ணெயும் வேறு எதுவோ ஒன்றும் கலந்த நாற்றம். அதை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வாந்தி எடுத்தால் மறுபடியும் கொடுப்பார்கள். ‘உள்ள நிக்கலியே, எப்பிடிப் பிள்ள நிக்கும்?’ என்பாள் உன் அப்பாவைப் பெற்றவள். அந்த அறையில் பருப்பு கடிபடும் சத்தம் கேட்டபோது அந்த லேகியத்தின் நாற்றம் அப்படியே தொண்டைக்கு ஏறி வந்தது. என்னை அடுப்படிக்கு அனுப்பியவர்களுக்கு நட்சத்திரம் காரணமாக இருந்தது. உனக்குப் பகா எண். அது ஒன்றுதான் வித்தியாசம். நீ படித்தவன், ஆகவே உன் காரணமும் படித்திருக்கிறது.

எண்களோடு எனக்குப் பழக்கம் வந்ததும் அந்த வருஷங்களில்தான். என் சீர்வரிசைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க என் அம்மா நடுவில் நடுவில் பழைய புத்தகங்களை வைத்து அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று அட்டை போன எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். பகல் நேரத்தில் யாரும் என்னைத் தேடமாட்டார்கள். நான் அரிசிமாவுக் கோலத்தைப் பழகுவதுபோல எண்களை உடைத்துப் பழகினேன். கேஸ் சிலிண்டர் எண், கோயில் அர்ச்சனைச் சீட்டு எண், பஸ் சீட்டு எண், எது கையில் கிடைத்தாலும் உடைப்பேன். 1001 என்றால் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும். நீ எந்த வழியில் உடைத்தாலும், யார் உடைத்தாலும், கடைசியில் அதே துண்டுகள்தான் கிடைக்கும். அந்தக் கடைசித் துண்டுகளுக்குத்தான் பகா எண் என்று பேர். அவை உடையாதவை; மற்ற எல்லா எண்ணும் அவற்றால் ஆனவை. வெளியே யார் என்ன சொன்னாலும் இங்கே ஒரு பொய் நுழைய முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது. சாமி சந்நிதியில் நிற்பது போலத்தான் இருக்கும். நீ தவழும் வயதில் தரையில் சாக்கட்டியால் நான் போட்ட வகுத்தலை அழித்து விளையாடியிருக்கிறாய். அந்தச் சந்நிதிக்குள்தான் இப்போது செருப்புக் காலோடு நுழைந்து எச்சில் துப்பியிருக்கிறார்கள். துப்பியவரைக்கூட விட்டுவிடலாம், அது அவர் பிழைப்பு. துப்பியது சரியாக நடுவில் விழுந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரை வைத்து அளந்து பார்த்தவன் நீ.

வீட்டுக்கு வந்ததும் நானும் உட்கார்ந்தேன். இதைத்தான் வெட்கத்தோடு எழுதுகிறேன். 524287-ஐ எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று வகுக்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் தப்பு, அந்த மனிதர் தப்பு என்று அவர் மேசையில் தாளை எறிய வேண்டும் என்ற ஆத்திரம். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழுக்கும் ஒன்று. பத்தொன்பதுக்கும் எழுபத்து மூன்றுக்கும்கூட அதே ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஓர் இழையில் தப்பித்துக்கொண்டு போனது அந்த எண். 724-ஐ அதே 724-ஆல் பெருக்கினால் 524176 வரும், 725-ஐப் பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஓர் எண் இரண்டாக உடைவதென்றால் ஒரு துண்டாவது 724-க்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே அதற்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு உட்காருவேன், விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்துவிடுவேன். இப்படிச் சில நாள். “ஏட்டி, பரீட்சைக்குப் படிக்கியா?” என்று உன் அப்பா கேலி செய்தார். ஒவ்வோர் எண்ணை எடுக்கும்போதும், ‘பகவதியம்மே, இதுலயாவது உடையணும்’ என்று வேண்டிக்கொண்டேன். மண்டைக்காட்டு அம்மனிடம் மனிதர்கள் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். ஓர் எண்ணை உடைத்துத் தா என்று கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியாக 719. வகுத்தேன். மீதி நூற்று முப்பத்தாறு. உடையவில்லை. நீ சொன்னது சரி, கம்ப்யூட்டர் சொன்னது சரி, அது சுத்தமான பகா எண். பேனாவை மூடி வைத்தேன். ஐயோ, இனி அந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய என்று நினைத்தேன். நினைத்த மறு நொடியே என்மேலேயே எனக்கு ஓக்காளம் வந்தது. உடைந்திருந்தால் அவள் நல்லவளாகியிருப்பாளா? அந்த மனிதரைப் பொய்யர் என்று காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவர் கேட்ட அதே கேள்விக்குத்தான் நானும் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த வாசலில் நுழையக் கூடாதோ அந்த வாசலில் நின்று சாவி சரியில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் கணக்கில் தப்பே இல்லை, மக்கா. கணக்கு முடிந்து அடுத்த வரி தொடங்குகிறதே, ‘ஆகவே’ என்று, அந்த ‘ஆகவே’தான் மலம்.

இதோடு முடிந்திருந்தால் இத்தனை எழுதமாட்டேன். மீதி ஒன்று, மீதி ஒன்று என்று வந்துகொண்டிருந்ததே, அது ஏன் என்று மனம் அரித்தது. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். 524288. பாதியாக்கினேன், 262144. அதையும் பாதியாக்கினேன். பாதியாக்கிக்கொண்டே போனால் நடுவில் எங்கும் தடங்காமல் ஒன்று வரை வந்து நின்றது. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, இப்படிப் பத்தொன்பது தடவை இரட்டித்த எண்ணுக்கு ஒன்று குறைவு, அவள் எண். எனக்குச் சட்டென்று அந்த எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஓர்மை வந்தது. ஆறு என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் ஆறைத் தள்ளிவிட்டு மற்றதைக் கூட்டு: ஒன்று, இரண்டு, மூன்று, கூட்டினால் ஆறே வரும். இருபத்தெட்டும் அப்படித்தான். நிறைவெண் என்று பேர். மிக அபூர்வம். ஆறு எப்படிப் பிறக்கிறது? மூன்று என்ற பகா எண்ணை இரண்டால் பெருக்கி. இருபத்தெட்டு? ஏழை நாலால் பெருக்கி. மூன்றும் ஏழும் இதே சாதி, இரட்டித்த எண்ணுக்கு ஒன்று குறைந்த பகா எண்கள். அப்படியானால் சிவகாமியின் எண்ணை 262144-ஆல் பெருக்கினால்? பெருக்கினேன். பதின்மூன்றாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று கோடியே எண்பத்தாறு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து முந்நூற்று இருபத்தெட்டு. நிறைவெண். அந்த மனிதர் பட்டமரம் என்று சொன்ன எண்ணிலிருந்து பிறப்பது, குறையும் இல்லாமல் கூடுதலும் இல்லாமல் தனக்குத் தானே நிறைந்த ஓர் எண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூசையறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் இதை உன் அப்பாவிடம் சொன்னேன். கோமதியும் அப்போது வீட்டில் இருந்தாள்.

“நெறஞ்ச எண்ணா?” என்றாள் கோமதி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு. “அதுலேருந்து பெறக்குமா?”

“பெறக்கும்.”

“அப்ப தோஷமே இல்லல்லா! இது லட்சத்துல ஒரு யோகம்லா! மைனி, நீங்க இத அண்ணைக்கே சொல்லப்பிடாதா? அண்ணே, இரணியலுக்குப் போனப் போடும். கல்யாணத்த நடத்திரலாம்னு சொல்லும்.”

உன் அப்பா முகமெல்லாம் சிரிப்பாகப் போனை எடுத்துவிட்டார். “கொள்ளாம்ட்டீ. நீ கணக்குப் போட்டது ஒண்ணும் வீண்போவல.”

“போனக் கீழ வையுங்கோ” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“ஏன்? இப்பதான் எல்லாம் சரியாயிட்டே?”

“என்ன சரியாயிட்டு? அண்ணைக்கு வேண்டாம்னீங்க, ஒரு நம்பர். இண்ணைக்கு வேணும்னுறீங்க, இன்னொரு நம்பர். இதுல அந்தப் பிள்ள எங்க இருக்கு?”

“நல்லது வந்தா ஏத்துக்கிடணும் மைனி” என்றாள் கோமதி. “எதுக்கு இப்பிடிச் சள்ளை?”

அவள் கெட்டவள் இல்லை. உனக்கு அம்மை போட்டபோது உன் தலைமாட்டில் வேப்பிலையோடு இருந்தவள் அவள். ஆனால் அந்த நிமிஷம் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. சந்தையில் சொத்தை என்று தள்ளிய கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து, ‘மறுபக்கம் நல்லாத்தான் இருக்கு’ என்று கூடையில் போடும் முகம். நான் கண்டுபிடித்ததில் எது அழகோ அதே அழகை என் கண் முன்னாலேயே இன்னொரு லேகியமாகக் கிண்டிவிட்டார்கள். சொன்ன என் வாயைத்தான் கழுவ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் இரணியலுக்குப் போனேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சிவகாமியின் அப்பா “வாங்கம்மா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு வாழைக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்கு வாழை வேண்டியிருந்தது. சிவகாமி கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்து வேலையில் வாரமெல்லாம் அங்கேயே தங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் துப்பட்டாவில் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை இருந்தது. “மணக்கும் அத்தை, கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்றாள். நான் தள்ளி உட்காரவில்லை. கடந்த சில நாளில் என் மூக்குக்கு வந்த வாடைகளில் அது ஒன்றுதான் உழைப்பின் வாடை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளே கேட்டாள். “அது நெசமாவே பகா எண்ணுதானா அத்தை?”

“ஆமா மக்களே. நான் வகுத்துப் பாத்தேன்.”

“எதுவர?”

“எழுநூத்திப் பத்தொம்பது வர.”

அவள் சிரித்துவிட்டாள். “எனக்காவ அவ்வளவு தூரம் வகுத்தேளா?”

உனக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நிறைவெண் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் முகம் தெளிந்திருக்கலாம். ஆனால் அது அவளுக்கு நான் கொடுக்கும் நற்சான்றாகிவிடும். அவளுக்கு நற்சான்று கொடுக்க நான் யார்? விழுங்கிவிட்டேன்.

“எனக்க வேலையே ரப்பர்ப் பால்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்கதுதான் அத்தை” என்றாள். “கொண்டுவாறவன் ஆயிரம் சொல்லுவான். நான் பாலத்தான் எடுத்துச் சோதிப்பேன். கொண்டுவாறவனுக்க பேர எழுதிக் கூட்டிப் பாக்கமாட்டேன். உங்க மகன் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ‘இப்பிடி ஒரு ஆள் சொல்லுகான், எனக்குப் பயமா இருக்கு’ன்னு சொல்லியிருந்தா, நானும் சேந்து பயந்திருப்பேன். இல்லைன்னா சேந்து சிரிச்சிருப்பேன்.”

“இப்ப என்ன செய்யணும்னு சொல்லு மக்களே.”

“வேண்டாம்னா அவரே நேரா வந்து என் மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்லட்டும். வேணும்னாலும் நேரா வந்து சொல்லட்டும். ரெண்டுக்கும் நான் என்ன சொல்லுவேன்னு எனக்கு இப்பத் தெரியாது. பேர மட்டும் மாத்தமாட்டேன்.”

கிளம்பும்போது ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவமானப்படுத்திய வீட்டுக்காரிக்குச் இனிப்புக் குறையாமல் காப்பி கொடுக்கும் பிள்ளையைப் பற்றித்தான், ‘யாரையும் உள்ளே விடமாட்டாள்’ என்று அறிக்கை வந்திருக்கிறது.

இப்போது உன் எண்ணுக்கு வருகிறேன். 554400. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, யார் வந்து வகுத்தாலும் தன்னைக் கொடுத்துவிட்டு மீதியில்லாமல் நிற்கும் எண். உன் அத்தை வந்தாள், வகுத்தாள். எண்கணிதக்காரர் வந்தார், வகுத்தார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் வந்து வகுத்தது. கடைசியில் உன்னுடையது என்று சொல்ல உன்னிடம் ஒரு மீதியும் இல்லை. பார்த்தாயா, எப்படிப் பொருந்துகிறது? படிக்கிறவர்கள் ‘அம்மா சரியாச் சொன்னா’ என்று தலையாட்டியிருப்பீர்கள். இப்படித்தான் அந்த மனிதரும் செய்கிறார். எந்த எண்ணிலும் எந்தக் கதையையும் ஒட்டிவிடலாம். எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று, ஏ.சி. அறைகூடத் தேவைப்படவில்லை. அந்த வரிகளை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 554400 ஒரு தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தது நீ. உன் கோழைத்தனத்துக்கு ஓர் எண்ணை முட்டுக்கொடுத்தாய். பயமாக இருந்தால் பயம் என்று சொல். மனம் மாறிவிட்டால் மாறிவிட்டது என்று சொல். அதற்கு எனக்குக் கோபம் வரும், அருவருப்பு வராது. நானும் பயந்து பயந்துதான் வாழ்ந்திருக்கிறேன். பயந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தன் பயத்தை ஒரு பெண்ணின் வயிற்றில் எழுதி ஒட்டுகிறவனை நான் பெற்றேன் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

புத்தி சொல்லும் வயது உனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். உண்மையானது ஒன்று கையில் கிடைத்தால் அதன் பக்கத்தில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார். நல்ல அரிசியோடுதான் கல் வரும். அரிசி நல்லதென்பதால் கல்லையும் சேர்த்து உலையில் போடுவார்களா? சாமி கும்பிடு, நாள் பார், எனக்கு அதில் ஆட்சேபமில்லை, நானே பார்ப்பவள்தான். ஆனால் ஒருத்தரைத் தள்ளி வைக்கச் சொல்லும் எந்தக் கணக்கும் சாமியிடமிருந்து வராது. அந்த வழவழப்பான அறிக்கையிலிருந்து பிள்ளையாரை மட்டும் கத்தரித்து எடுத்துப் பூசையறையில் வைத்துவிட்டேன். மீதிதான் இப்போது அடுப்படியில் கழுநீர் வாளிக்கு மூடி. லேமினேஷன் நல்ல கெட்டி, ஈ மொய்க்கவில்லை.

உன் பெயரில் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்திருக்கிறேன். தலைவலிக்காரர்கள் நேர்ந்துகொள்ளும் வழிபாடு அது. உனக்குத் தலைவலி உண்டா என்று தெரியாது. இத்தனை நடந்தபிறகும் வலிக்கவில்லையென்றால், அந்த நோய்க்கும் சேர்த்துத்தான் நேர்ச்சை.

பெங்களூரிலிருந்து நீ வரும் ரயில் நாகர்கோவிலுக்கு முன்னால் இரணியலில் நிற்கும். இந்தத் தடவை நாகர்கோவிலுக்குச் சீட்டு எடுக்காதே. இரணியலில் இறங்கு. யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. நிறைவெண்ணைப் பற்றி அவளிடம் வாய் திறக்காதே. அது உனக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அல்ல. அவள் முகத்தைப் பார்த்து உனக்குள் இருப்பதைச் சொல். அவள் போ என்று சொன்னால், அவள் அப்பாவையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வா. சோறு இருக்கும். தீயல் வைத்திருப்பேன். வா என்று சொன்னாலும் இல்லை போ என்று சொன்னாலும், அது அவள் சொன்னதாக இருக்கட்டும்.

தாளின் தலையில் இடம் விட்டிருக்கிறேன், பார். நீ இரணியலில் இறங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டதும் அங்கே எழுதிக்கொள்கிறேன், சிவமயம் என்று.